சிறியவற்றின் பொறுப்பில் பெருமரங்கள்

கலிபோர்னியாவின் சியரா நெவாடா மலைத்தொடரில், கடல் மட்டத்துக்கு மேல் ஏறத்தாழ 2,100 மீட்டர் உயரத்தில் ஒரு மரம் நிற்கிறது. பெயர் ஜெனரல் ஷெர்மன். உயரம் 83.8 மீட்டர். அடியில் சுற்றளவு 31 மீட்டர். தண்டின் கன அளவு ஏறத்தாழ 1,487 கன மீட்டர். ஒற்றைத் தண்டு கொண்ட மரங்களில் பருமனில் இதை மிஞ்சியது உலகில் வேறில்லை. வயது சுமார் 2,200 ஆண்டுகள் என்று கணித்திருக்கிறார்கள். தஞ்சைப் பெரிய கோயிலின் விமானம் எழும்பியபோது இதற்கு ஆயிரம் வயது தாண்டியிருந்தது. இன்று அந்த விமானத்தைவிட இது ஏறத்தாழ 18 மீட்டர் கூடுதல் உயரம்.

இதன் முன்னால் போய் நிற்கிறவர்கள் எல்லோரும் முதலில் செய்வது அண்ணாந்து பார்ப்பதுதான். நானும் கணவரும் அதையேதான் செய்தோம். ஆனால் சியரா மலையிலிருந்து பசிபிக் கடலோரம்வரை காரில் போய், பெருமரக் காடுகளுக்குள் கூடாரம் அடித்துத் தங்கி வந்த பிறகு, குனிந்து பார்த்தவைதான் மனத்தில் அதிகம் நிற்கின்றன. நாலைந்து மில்லிமீட்டர் நீளமுள்ள ஒரு விதை, ஒரு வண்டின் புழு, ஓர் அணில், மூடுபனியின் துளி. மரங்களிலேயே பெரிய மரங்களை இறைவன் இவற்றின் பொறுப்பில்தான் விட்டிருக்கிறான். அதைத்தான் இங்கே சொல்ல வருகிறேன்.

வெயிலிலிருந்து குளிருக்கு

சான் ஹோசேயிலிருந்து கிளம்பி ஃபிரெஸ்னோவை நெருங்கும்போது கோடை வெயில் கார்க் கண்ணாடி வழியாகவே கையைச் சுட்டது. இருபுறமும் பாதாம் தோப்புகள், திராட்சைத் தோட்டங்கள், ஆரஞ்சு மரங்கள். அங்கிருந்து 180-ஆம் எண் நெடுஞ்சாலை கிழக்கே மலை ஏறுகிறது. முதலில் காய்ந்த புல்மேடுகளும் ஆங்காங்கே ஓக் மரங்களும். வளைவுகள் கூடக்கூட ஓக் மறைந்து பைன் வருகிறது. ஏசியை நிறுத்திக் கண்ணாடியை இறக்கினோம். காற்றில் பிசின் வாசனை. சற்று நேரத்தில், சாம்பல் நிறத் தண்டுகளுக்கு நடுவே இலவங்கப்பட்டை நிறத்தில் ஒரு தண்டு தெரிந்தது. கணவர் வண்டியை ஓரங்கட்டினார். முதல் கிளை எங்கே என்று தேடிய கண் மேலே மேலே போய்க்கொண்டே இருந்தது.

அதுதான் செக்வோயா, ஜெனரல் ஷெர்மனின் இனம். இயற்கையாக இது வளர்வது உலகத்திலேயே இந்த மலைத்தொடரின் மேற்குச் சரிவில் மட்டும். அதுவும் ஏறத்தாழ 75 தோப்புகளில்தான். கீழே இறங்கினால் வறட்சி, மேலே ஏறினால் கடுங்குளிர். குளிர்காலத்தில் பெய்த பனி கோடையில் மெல்ல உருகி மண்ணுக்குள் இறங்கும் நடுப்பட்டை ஒன்று உண்டு. அந்தப் பட்டைக்குள்தான் இந்த மரத்துக்கு வாழ்வு.

கிராண்ட் குரோவ் பகுதியில் கூடாரம் அடித்தோம். அங்கே கூடாரம் அடிக்கும் முன்பே செய்யவேண்டிய வேலை ஒன்று இருக்கிறது. ஒவ்வோர் இடத்திலும் கனமான இரும்புப் பெட்டி ஒன்று வைத்திருக்கிறார்கள். கரடிக்கு மோப்பம் அபாரம் என்பதால் உணவையெல்லாம் அதற்குள் பூட்டிவிட வேண்டும். கணவர் அரிசியையும் புளிக்காய்ச்சல் பாட்டிலையும் உள்ளே வைத்துவிட்டு மூடப் போனார்.

“இருங்க, இதையும் வைங்க” என்று தேங்காய் எண்ணெயை நீட்டினேன்.

“இதைக் கரடி என்ன செய்யும்?”

“வாசனை உள்ளது எதுவும் வெளியே இருக்கக்கூடாதாங்க. சோப்பு, பற்பசை எல்லாம் உள்ளே போகணும்.”

காரணம் கேட்டால் மனம் கனக்கும். மனிதர் உணவை ஒருமுறை ருசித்த கரடி திரும்பத் திரும்ப வரும், மனிதரிடம் பயம் விட்டுப்போகும், கடைசியில் அதைக் கொல்லவேண்டிய நிலைகூட வரும். மூடாத ஒரு பெட்டி கரடியின் உயிருக்கே உலை வைத்துவிடலாம். இந்தக் காட்டில் சின்ன விஷயம் என்று எதையும் ஒதுக்க முடியாது என்பதற்கு முதல் பாடம் அங்கேயே கிடைத்தது.

கூம்புக்குள் இருக்கும் காடு

முகாமைச் சுற்றித் தரையெங்கும் கூம்புகள் கிடந்தன. முழங்கை நீளத்துக்குக் கிடந்தவை சுகர் பைன் மரத்தின் கூம்புகள். 50 சென்டிமீட்டர்வரைகூட வளரும். செக்வோயாவின் கூம்பு எங்கே என்று தேடினேன். காலடியில் கோழிமுட்டை அளவுக்குக் கிடந்தது. அந்த மரங்களில் யார் பெரியவர் என்று தெரியாதவர் இரண்டு கூம்புகளையும் பார்த்தால் தவறாகத்தான் சொல்வார்.

உதிர்ந்து காய்ந்திருந்த கூம்பை உள்ளங்கையில் வைத்து லேசாகத் தட்டினேன். மெல்லிய செதில்கள் போல விதைகள் விழுந்தன. ஒவ்வொன்றும் 4 அல்லது 5 மில்லிமீட்டர் நீளம். நடுவில் கோடு கிழித்ததுபோல் கரு, இரண்டு பக்கமும் வெளிர்மஞ்சள் இறகு. மூச்சு விட்டால் பறந்துவிடும். கணவர் குனிந்து பார்த்துவிட்டு, பக்கத்தில் நின்ற மரத்தையும் பார்த்தார். ஒன்றும் சொல்லவில்லை. விதைகளைக் கூம்பு கிடந்த இடத்திலேயே உதறிவிட்டு எழுந்தோம்.

ஒரு கூம்பில் ஏறத்தாழ 200 விதைகள். ஆனால் மரம் அவற்றை உடனே கொட்டுவதில்லை. கூம்பு முற்றிய பிறகும் பச்சையாக, இறுக மூடியபடி கிளையிலேயே இருக்கும். இருபது ஆண்டுகள்கூட அப்படியே தொங்கும். அதைத் திறக்க வெளியிலிருந்து யாராவது வர வேண்டும்.

வருகிறவர்கள் மூவர். முதலாவது டக்ளஸ் அணில். பச்சைக் கூம்பின் சதைப்பற்றான செதில்களைக் கடித்துத் தின்னும். விதை மிகச் சிறியது என்பதால் அதைப் பெரும்பாலும் பொருட்படுத்தாது. கொறிக்கும்போது விதைகள் சிதறும். இரண்டாவது, நீண்ட உணர்கொம்புகள் கொண்ட ஒரு சிறு வண்டு. கூம்புகளின் இடுக்கில் முட்டையிடும். வெளிவரும் புழு கூம்புக்குள் துளைத்துக்கொண்டு போகும்போது நீர் ஓடும் நாளங்கள் அறுபடும். கூம்பு காய்ந்து சுருங்க, செதில்கள் விலகும், விதை விழும். அணிலுக்கும் புழுவுக்கும் தங்கள் பசிதான் தெரியும். மரம் நடுகிறோம் என்பது தெரியாது. தெரியாமல் செய்கிறவர்களைக்கொண்டே காரியத்தை நடத்துகிறவன் ஒருவன் இருக்கிறான் என்று எனக்குத் தோன்றுவது இந்த மாதிரி இடங்களில்தான்.

மூன்றாவது வேலையாள் தீ.

எரிக்கவும் காக்கவும் ஒரே தீ

காட்டுத்தீ என்றால் அழிவு என்றுதான் நமக்குத் தெரியும். செக்வோயாவுக்குத் தீ மருத்துவச்சி. தரையோடு எரிந்து போகும் மிதமான தீயிலிருந்து மேலெழும் சூடு, உச்சியில் தொங்கும் கூம்புகளை உலர்த்தும். சில நாட்களில் அவை திறந்து விதைகளை மழையாகக் கொட்டும். அதற்குள் கீழே சருகு எரிந்து வெறும் மண் வெளிப்பட்டிருக்கும். இந்த விதைக்கு அந்த வெறும் மண்தான் வேண்டும். சருகு மெத்தைமேல் விழுந்தால் முளைத்த வேர் மண்ணை எட்டும் முன்பே காய்ந்துவிடும். நிழல் தரும் செடிகொடிகளும் எரிந்துவிட்டதால் நாற்றுக்கு வெயிலும் கிடைக்கும், சாம்பலின் சத்தும் கிடைக்கும்.

சரி, அந்தத் தீயில் தாய்மரம் எப்படிப் பிழைக்கிறது? பாதையோரம் தொடுவதற்கு வாகாக நின்ற ஒரு மரத்தில் கை வைத்துப் பார்த்தபோது விடை தெரிந்தது.

“ஏங்க, இதைத் தொட்டுப் பாருங்க.”

பாறைபோல் இருக்கும் என்று நினைத்துத் தொட்டவர் கையை எடுக்கவே இல்லை. பட்டை மெத்தென்று இருந்தது. நாரும் காற்றுமாக உள்வாங்கி, அழுத்திய விரலுக்கு இடம் கொடுத்தது. அடித்தண்டில் இந்தப் பட்டை 60 சென்டிமீட்டர் தடிமன்வரை வளரும். பைன் மரத்தைப்போல் எரியும் பிசின் இதில் இல்லை. பூச்சியையும் பூஞ்சையையும் தடுக்கும் டானின் நிறைய உண்டு. தீ தாக்கிய இடத்தில் கரி படிந்த வடு இருந்தாலும், அதன் இரண்டு ஓரங்களிலிருந்தும் புதுப்பட்டை ஆண்டுக்கு ஆண்டு நகர்ந்து வந்து காயத்தை மூடும். நான் பார்த்த பெரிய மரங்களில் வடு இல்லாத மரம் அரிது.

மனிதர் இந்தக் கணக்கைப் புரிந்துகொள்ள வெகுகாலம் ஆயிற்று. பூங்காக்கள் ஏற்பட்ட பிறகு எந்தத் தீயையும் உடனே அணைப்பதே பாதுகாப்பு என்று எண்ணினார்கள். பல பத்தாண்டுகள் அப்படியே போயிற்று. தோப்புகளில் நாற்றே இல்லை. 1960-களில் ரிச்சர்ட் ஹார்ட்ஸ்வெல்ட் என்ற ஆய்வாளரும் உடனிருந்தோரும் தீ இல்லாததுதான் குறை என்று காட்டினார்கள். அதன் பிறகே, தகுந்த பருவம் பார்த்துத் தாங்களே அளவாகத் தீ வைக்கும் முறையைப் பூங்காவில் தொடங்கினார்கள். தொல்குடியினரோ நெடுங்காலமாகவே இந்த மலையில் தீயை முறைப்படி பயன்படுத்திவந்தவர்கள்.

எரியாமல் சேர்ந்துவிட்ட சருகும் புதரும், கூடிவரும் வெப்பமும் வறட்சியும் சேர்ந்தபோது தீயின் குணமே மாறியது. 2020-இலும் 2021-இலும் மூண்ட பெருந்தீக்கள் உச்சிவரை ஏறின. அந்த இரண்டே ஆண்டுகளில் உலகிலுள்ள பெரிய செக்வோயாக்களில் 13 முதல் 19 சதவீதம் மடிந்தன என்று மதிப்பிட்டிருக்கிறார்கள். 2021 செப்டம்பரில் ஜெனரல் ஷெர்மனின் அடித்தண்டுக்கே தீத்தடுப்பு அலுமினியப் போர்வை சுற்றினார்கள். ஆயிரம் ஆண்டுத் தீக்களைத் தாங்கிய மரத்துக்கு அப்படி ஒரு நிலை வந்தது. அளவோடு இருந்தவரை தீயும் அருளாகத்தான் இருந்தது. அளவைக் கெடுத்தவர்கள் நாம்.

மூடுபனி குடிக்கும் மரங்கள்

சியராவிலிருந்து இறங்கி, மேற்கே வந்து, 101-ஆம் எண் நெடுஞ்சாலையில் வடக்கே ஏறினோம். இது இன்னொரு பெருமரத்தின் நாடு. செக்வோயாவின் உறவான கடலோர ரெட்வுட். பருமனில் அதற்கு இளையது, உயரத்தில் உலகுக்கே மூத்தது. ஒரிகன் மாநிலத்தின் தென்மேற்கு மூலையிலிருந்து பிக் சர் பகுதிவரை, கடலை ஒட்டிய ஏறத்தாழ 720 கிலோமீட்டர் நீளக் குறும்பட்டைதான் இதன் தாயகம். ஹம்போல்ட் ரெட்வுட்ஸ் பூங்கா வழியாகப் போகும் 51 கிலோமீட்டர் பழைய சாலைக்கு ‘அவென்யூ ஆஃப் த ஜயன்ட்ஸ்’ என்று பெயர். நண்பகலிலும் காரின் முகப்பு விளக்கைப் போட்டுக்கொண்டுதான் போனோம். சாலையின் வெள்ளைக்கோட்டுக்கு ஓரடி தள்ளி மரத்தின் அடி. தண்டுகளுக்காகச் சாலை வளைந்துகொடுக்கிறதே தவிர, சாலைக்காகத் தண்டு வளையவில்லை.

அன்றிரவு அந்தக் காட்டில் கூடாரத்துக்குள் படுத்திருந்தபோது மேலே சொட்டுச் சொட்டென்று சத்தம். மழை என்று நினைத்துக் கணவர் வெளியே போய்ப் பார்த்தார். திறந்த வெளியில் நிறுத்தியிருந்த காரின் அந்தப் பக்கம் தரை காய்ந்துதான் இருந்தது. மரத்தடியில் மட்டும் சொட்டிக்கொண்டிருந்தது.

கலிபோர்னியாவின் கோடையில் மழை அரிது. அந்த மாதங்களில் இந்த மரங்களுக்குக் கைகொடுப்பது கடல். ஆழத்திலிருந்து மேலெழும் குளிர்நீரின் மேல் ஈரக்காற்று படும்போது மூடுபனி உண்டாகி, ஆற்றுப் பள்ளத்தாக்குகள் வழியாகக் காட்டுக்குள் வந்து புகும். ரெட்வுட்டின் கோடிக்கணக்கான ஊசியிலைகளில் அது துளியாகத் திரண்டு வேரடியில் சொட்டும். இலையே நேராக நீரை உறிஞ்சிக்கொள்வதும் உண்டு. டாட் டாசன் என்ற தாவர அறிஞர் 1990-களில் அளந்து பார்த்தபோது, அவர் ஆராய்ந்த காட்டுக்கு ஓராண்டில் கிடைத்த நீரில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு மூடுபனியிலிருந்து வந்தது தெரிந்தது. மரத்தடியில் வளரும் பெரணியும் செடிகளும் அந்தச் சொட்டுநீரைப் பங்கிட்டுக்கொள்கின்றன. தன் நீரைத் தானே வானத்திலிருந்து இறக்கி, தன் நிழலில் இருப்பவர்க்கும் ஊற்றுகிற மரம் இது.

காலையில் நடைபாதையில் காற்றுக்கு ஒடிந்து விழுந்த இரண்டு சிறு கிளைகள் கிடந்தன. ஒன்றில் இலைகள் தட்டையாக, சீப்பின் பற்கள்போல் இருபுறமும் விரிந்திருந்தன. இன்னொன்றில் இலைகள் குட்டையாக, தண்டோடு ஒட்டிய செதில்களாக இருந்தன. வேறு வேறு மரம் என்றே நினைப்போம். இரண்டும் ரெட்வுட்தான். தட்டை இலை கீழ்நிழலில் வளர்ந்தது. அங்கே வெளிச்சம் குறைவு, அதைப் பிடிக்க அகலம் வேண்டும். செதில் இலை உச்சியில் வளர்ந்தது. அங்கே வெயில் ஏராளம், நீர்தான் அரிது. வேரிலிருந்து நூறு மீட்டருக்கு மேல் நீரை ஏற்ற இந்த மரத்திடம் மோட்டாரும் இல்லை, துடிக்கும் இதயமும் இல்லை. இலை ஆவியாக்கும் ஒவ்வொரு நீர்மூலக்கூறும் தன் பின்னால் இருப்பதைப் பற்றி இழுக்க, அறுபடாத நீர்ச்சரடு வேர்வரை நீள்கிறது. உயரம் கூடக்கூட அந்தச் சரடு அறுந்துபோகும் அபாயம் கூடும். ஜார்ஜ் கோச்சும் உடன் ஆய்வாளர்களும் 2004-இல் கணக்கிட்டபடி, மரம் 122 முதல் 130 மீட்டருக்கு மேல் வளர முடியாது. இன்று உலகின் மிக உயரமான மரம் 115.9 மீட்டர். அது ரெட்வுட் தேசியப் பூங்காவில் நிற்கும் ஹைப்பீரியன். எல்லை வகுக்கப்பட்டிருக்கிறது, அந்த எல்லையின் அருகே வரைக்கும் வளர அனுமதியும் கிடைத்திருக்கிறது.

கிளைமேல் ஒரு காடு, காட்டில் ஒரு கடற்பறவை

கீழிருந்து பார்த்தால் உச்சி வெறும் பச்சையாகத்தான் தெரியும். ஸ்டீவ் சில்லெட் முதலான ஆய்வாளர்கள் கயிறு கட்டி ஏறிப் பார்த்த பிறகே மேலே இருப்பது இன்னொரு காடு என்று தெரியவந்தது. பல நூறு ஆண்டுகளாக விழுந்த இலைகள் கிளைக்கவட்டில் மக்கி மண்ணாகியிருக்கின்றன. அந்த மண்ணில் பெரணிகள் அடர்ந்து, நெல்லிபோல் சின்னப் பழம் தரும் ஹக்கிள்பெரிப் புதர்கள் வேர் பிடித்திருக்கின்றன. அந்தப் பெரணி மெத்தைக்குள் ஒரு சாலமாண்டர் வாழ்கிறது. அதற்கு நுரையீரலே கிடையாது, ஈரத்தோலால்தான் சுவாசிக்கும். அந்தரத்தில் அதற்கு ஈரத்தைச் சேமித்துத் தருவது மூடுபனியும் பெரணியும்.

இன்னொன்றைக் கேட்டால் மெய்சிலிர்க்கும். மார்பில்டு முர்ரெலெட் என்று ஒரு கடற்பறவை. புறா அளவுதான். கடலில் மீன் பிடித்து வாழும். அது எங்கே கூடு கட்டுகிறது என்பது பறவை அறிஞர்களுக்கு நெடுங்காலம் புதிர். 1974-இல் பிக் பேசின் ரெட்வுட்ஸ் பூங்காவில், ஓர் உயர்ந்த டக்ளஸ் ஃபிர் மரத்தில் ஏறிய தொழிலாளி ஒருவர் கிளைமேல் அதன் குஞ்சைக் கண்டார். கடற்பறவை காட்டு மரத்தில் குடியிருந்தது. முதிர்ந்த மரத்தின் அகலமான, பாசி படிந்த கிளைமேல் ஒரே ஒரு முட்டை இடும். பெற்றோர் கடலுக்கும் காட்டுக்குமாகப் பல கிலோமீட்டர் பறந்து, குஞ்சுக்கு மீன் கொண்டுவந்து கொடுக்கும். கிளை அத்தனை அகலமாக, மரத்துக்குப் பல நூறு வயதாக வேண்டும். வெட்டிவிட்டு நாற்று நட்டால், அந்தப் பறவை தன் கூட்டுக்கு எத்தனை தலைமுறை காத்திருப்பது?

முகாம்களில் இந்தப் பறவைக்காகவே ஓர் எச்சரிக்கை எழுதி வைத்திருக்கிறார்கள். உணவுத் துணுக்கு ஒன்றுகூடத் தரையில் கிடக்கக்கூடாது. ஏனென்றால் துணுக்கைத் தேடி ஸ்டெல்லர்ஸ் ஜே என்ற நீலப்பறவையும் அண்டங்காக்கையும் வரும். வந்த இடத்தில் பெருகும். பெருகினால் முர்ரெலெட்டின் முட்டையையும் குஞ்சையும் தேடித் தின்னும். நாங்கள் சப்பாத்தி சாப்பிட்டுக்கொண்டிருந்தபோதே ஒரு ஜே பெஞ்சின் மறுமுனையில் வந்து உட்கார்ந்து, கொண்டையைச் சிலிர்த்துக்கொண்டு தட்டையே பார்த்தது. அழகான பறவை. நம் ஊர் வழக்கப்படி ஒரு கவளம் வைக்கத்தான் கை துடித்தது.

“பாவமா இருக்குல்ல?” என்றேன்.

“வைக்காதேம்மா. மேலே ஒரே ஒரு முட்டைதான் இருக்கும்” என்றார்.

சாப்பிட்டு முடித்ததும் இருவரும் மண்டியிட்டு, பெஞ்சுக்கடியில் விழுந்த துணுக்குகளைப் பொறுக்கி எடுத்தோம். நான் இதுவரை செய்த பூசைகளில் அதுவும் ஒன்று.

ஆழமில்லாத வேரும் சாகாத அடிமரமும்

நூறு மீட்டர் மரத்துக்கு ஆணிவேர் எவ்வளவு ஆழம் போகும்? ரெட்வுட்டுக்கு ஆணிவேரே கிடையாது. வேர்கள் பெரும்பாலும் 2 முதல் 4 மீட்டர் ஆழத்துக்குள்ளேயே பக்கவாட்டில் 30 மீட்டர்வரை பரவி, அண்டை மரங்களின் வேர்களோடு பின்னிக்கொள்ளும். அந்தப் பின்னலும் தன் எடையும்தான் காற்றையும் வெள்ளத்தையும் தாங்க அதற்குத் துணை.

ஒருநாள் விழத்தான் செய்யும். ஹம்போல்ட் பூங்காவின் ஃபவுண்டர்ஸ் குரோவில் டயர்வில் ஜயன்ட் என்ற மரம் 1991 மார்ச்சில் விழுந்தது. ஒன்றரைக் கிலோமீட்டருக்கு அப்பால் இருந்தவருக்கே ரயில் மோதியதுபோல் கேட்டதாம். விழுந்த மரத்தை அப்படியே விட்டிருக்கிறார்கள். அதன் நீளத்துக்கு நடந்தோம். வேர்ப்புறம் என் உயரத்தைப்போல் பல மடங்கு. தண்டின் மேலே பாசி, பெரணி, விரல் உயரத்தில் புதிய மரக்கன்றுகள். வீழ்ந்த பிறகும் பல நூறு ஆண்டுகள் அது தொட்டிலாக இருக்கும்.

ரெட்வுட்டுக்கு இன்னொரு வரமும் உண்டு. அடிமரத்தில் உறங்கும் மொட்டுகள் இருக்கின்றன. மரம் வெட்டுப்பட்டாலோ எரிந்தாலோ அவை விழித்துத் துளிர்க்கும். பழைய அடியைச் சுற்றி வட்டமாக இளமரங்கள் நிற்பதைப் பல இடங்களில் பார்த்தோம். 2020 ஆகஸ்டில் பிக் பேசின் பூங்காவின் ஏறத்தாழ முழுப்பரப்பும் எரிந்தது. கரிக்கட்டைகளாக நின்ற ரெட்வுட்கள் சில மாதங்களில் தண்டெல்லாம் பச்சை பொடித்தன. இலையே இல்லாத மரத்துக்கு உணவு எங்கிருந்து வந்தது? பல பத்தாண்டுகளுக்கு முன் வெயிலில் சமைத்துச் சேமித்த சர்க்கரையை எடுத்துத்தான் அந்தத் துளிர்களை வளர்த்தன என்று 2023-இல் வெளியான ஆய்வு காட்டியது. துளிர்த்த மொட்டுகளோ பட்டைக்கடியில் நூற்றாண்டுகளாகக் காத்திருந்தவை. ஆபத்துக்காலத்துக்கு என்று இவ்வளவு முன்கூட்டி எடுத்து வைக்க மரத்துக்குக் கற்றுக்கொடுத்தவன் யார்?

கோடரியும் பிரார்த்தனையும்

இப்பகுதியின் யூரோக் மக்கள் ரெட்வுட்டைக் குடைந்து ஓடம் செய்வார்கள். ஓடத்துக்கு உயிர் உண்டு என்பது அவர்கள் நம்பிக்கை. அதனால் அதன் உள்ளே இதயத்தையும் செதுக்கி வைப்பார்கள். வெளியிலிருந்து வந்தவர்களுக்கு மரத்தில் தெரிந்தது பலகைதான். 1853-இல் கலவெராஸ் தோப்பில் ஒரு செக்வோயாவை வீழ்த்தினார்கள். அவ்வளவு பெரிய ரம்பம் இல்லாததால் ஐந்து பேர் துளைக்கருவிகளால் துளை துளையாகப் போட்டு, 22 நாட்கள் பாடுபட்டுச் சாய்த்தார்கள். ஆயிரத்துக்கு மேற்பட்ட வளையங்கள் கொண்ட அதன் அடிமரத்தை நடன மேடையாக்கினார்கள். செக்வோயாவின் கட்டை எளிதில் நொறுங்கும். விழும்போதே பல மரங்கள் சிதறின. மிஞ்சியது பெரும்பாலும் வேலிக்கம்பத்துக்கும் கூரை ஓட்டுக்கும் போயிற்று. ரெட்வுட்டின் கதை இன்னும் சோகம். ஏறத்தாழ 20 லட்சம் ஏக்கர் பழங்காட்டில் இன்று எஞ்சியிருப்பது 5 சதவீதம்.

இரண்டு மரங்களிலும் இவ்வளவாவது மிஞ்சியது மனம் பதைத்த மனிதர்களால். 1864-இல் உள்நாட்டுப் போருக்கு நடுவிலும் ஆபிரகாம் லிங்கன் மாரிபோசா செக்வோயாத் தோப்பைக் காக்கும் சட்டத்தில் கையெழுத்திட்டார். 1890-இல் செக்வோயா தேசியப் பூங்கா ஏற்பட்டது. 1918-இல் தொடங்கிய ரெட்வுட் காப்புச் சங்கம் நன்கொடை திரட்டித் தோப்பு தோப்பாக விலைக்கு வாங்கிப் பொதுச்சொத்தாக்கியது. 1968-இல் ரெட்வுட் தேசியப் பூங்கா வந்தது. 1978-இல் அதை விரிவாக்கியபோது மரவெட்டு ஹைப்பீரியனுக்குச் சில நூறு அடி தொலைவுவரை வந்துவிட்டிருந்தது. அந்த மரம்தான் உலகிலேயே உயரமானது என்பது 2006-இல்தான் தெரிந்தது. எதைக் காப்பாற்றுகிறோம் என்று தெரியாமலே காப்பாற்றியிருக்கிறார்கள்.

நம்மிடம் கேட்கப்படுவது

கோடரி ஓய்ந்த பிறகு வந்த ஆபத்து காலடி. ஹைப்பீரியனுக்குப் பாதை கிடையாது. ஆனாலும் அதைத் தேடிப் புதருக்குள் புகுந்தவர்கள் ஆயிரக்கணக்கில். மரத்தடியில் பெரணி அழிந்தது, மண் இறுகியது, குப்பை சேர்ந்தது. ஆழமில்லாத வேர் உள்ள மரத்துக்கு மண் இறுகுவது மூச்சை அடைப்பதற்குச் சமம். 2022-இல் பூங்கா அந்தப் பகுதியையே மூடியது. மீறினால் 5,000 டாலர்வரை அபராதம், ஆறு மாதம்வரை சிறை. நாங்கள் அந்தப் பக்கம் போகவில்லை. ஜெடடையா ஸ்மித் பூங்காவில் ‘குரோவ் ஆஃப் டைட்டன்ஸ்’ தோப்பில் வேர்களுக்கு மேலே தூக்கிக் கட்டிய நடைமேடை இருக்கிறது. அதன்மேல் நடந்து, பெயர்ப்பலகை இல்லாத மரங்களைக் கும்பிட்டுவிட்டு வந்தோம்.

வாய்ப்புள்ளவர்கள் தம்பதியாக, குடும்பமாக, ஒருமுறையாவது இந்தக் காடுகளுக்குப் போய் ஓரிரவாவது தங்குங்கள். கோடையில் முகாம் இடங்கள் சீக்கிரம் நிரம்பிவிடும், முன்பதிவு செய்துகொள்ளுங்கள். இரவில் குளிரும், கம்பளி எடுத்துக்கொள்ளுங்கள். விறகை வெளியூரிலிருந்து கொண்டுபோகாமல் அங்கேயே வாங்குங்கள், வெளிவிறகோடு பூச்சியும் நோயும் போய்ச்சேரும். இரும்புப் பெட்டியைப் பூட்ட மறக்காதீர்கள். போட்ட பாதையை விட்டு இறங்காதீர்கள். ஒரு கூம்பைக்கூட நினைவுப்பொருளாக எடுத்து வராதீர்கள், அதற்குள் இருப்பது ஒரு காடு. சாப்பிட்ட இடத்தில் குனிந்து துணுக்கைப் பொறுக்குங்கள், பிள்ளைகளையும் பொறுக்கச் சொல்லுங்கள், ஏன் என்றும் சொல்லிக்கொடுங்கள்.

அணில் தன் பங்கைச் செய்கிறது, வண்டு செய்கிறது, பனித்துளி செய்கிறது. படைத்தவன் நம்மிடமும் பெரிதாக எதையும் கேட்கவில்லை. கேட்கிற சிறியதைத் தவறாமல் செய்துவிட்டு வாருங்கள்.